முகப்பரு: வாங்க வேண்டியவை இரண்டு, தள்ளி வைக்க வேண்டியது ஒன்று

நம் நாட்டில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டு சபா, சரவாக் நேரத்தோடு இணைந்தது. அதன்பின் கோலாலம்பூரில் வெயில் உச்சியைத் தொடுவது ஏறக்குறைய பிற்பகல் 1.15 மணிக்கு. காலைப் பிரிவு முடிந்து இடைநிலைப்பள்ளி மாணவர்கள் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் அது. புற ஊதாக் கதிர்க் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மேகமில்லாத நாளில் இங்கு அது 11-ஐத் தாண்டுவது சாதாரணம்.

இந்த வெயிலில் முகப்பரு உள்ள மாணவர்கள் பலர் வெறும் முகத்தோடு நடக்கிறார்கள். கேட்டால் இரண்டு பதில்கள் வரும். "ஏற்கெனவே எண்ணெய் வழியும் முகம், இதன் மேல் இன்னும் கிரீமா?" என்பது ஒன்று. "நாம் கறுப்புதானே, வெயில் நம்மை என்ன செய்துவிடும்?" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. இரண்டாவது தவறுக்குத்தான் நம் பிள்ளைகள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

கறுத்த சருமத்தில் உள்ள மெலனின் வெயில் சுடுவதிலிருந்து ஓரளவு காக்கிறது என்பது உண்மையே. ஆனால் பரு ஆறிய இடத்தில் கரும்புள்ளியாகத் தங்குவதும் அதே மெலனின்தான். பரு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அதன் தடம் மாதக் கணக்கில் நிற்கும். கண்ணாடி முன் நின்று பலர் வருந்துவது பருவை நினைத்து அல்ல, இந்தத் தடத்தை நினைத்துத்தான். வெயில் படப்பட அது இன்னும் கறுக்கும். ஆகவே நமக்கு சன்ஸ்கிரீன் வெள்ளையாவதற்கான பொருள் அன்று. பருத்தடத்தை ஆறவிடும் பொருள்.

முதலில் மாய்ஸ்சரைசர். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. எண்ணெய் சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஈரம் மேல்தோலில் தங்கும் நீர். ஒரு நாளில் ஐந்து முறை சோப்புப் போட்டுத் தேய்த்தால் போவது பரு அல்ல, அந்த ஈரமும் தோலின் பாதுகாப்பும்தான். பருவுக்கு மருத்துவரோ மருந்தாளரோ தரும் பென்சாயில் பெராக்சைடு, அடபலின் போன்ற மருந்துகளும் தோலை உலர்த்தும், உரிக்கும், எரிச்சல் தரும். அவை பலன் காட்ட 8 முதல் 12 வாரங்கள் ஆகும். எரிச்சல் பொறுக்காமல் இரண்டாவது வாரத்திலேயே நிறுத்திவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்பவர்கள் பலர். மருந்தோடு சேர்த்து மாய்ஸ்சரைசர் பூசினால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம்.

கெட்டியான கிரீம் வேண்டாம். ஜெல் அல்லது நீர்த்த லோஷன் போதும். பெட்டியின் பின்புறத்தில் கிளிசரின், ஹயலுரானிக் அமிலம், செராமைடு, நயாசினமைடு ஆகியவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் நல்லது. வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். கோக்கோ வெண்ணெய், தேங்காய் எண்ணெய் கலந்தவற்றை முகத்திற்கு வாங்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெயைக் குறை சொன்னால் பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள். தலைக்கு வைப்பதில் தவறில்லை. அது நெற்றிக்கு வழிவதுதான் சிக்கல். தலைமுடியின் ஓரமாக நெற்றியில் மட்டும் சிறுசிறு பருக்கள் வரிசையாக வந்தால் தலை எண்ணெய்யைச் சந்தேகியுங்கள். தோல் மருத்துவத்தில் இதற்குப் 'பொமேட் பரு' என்று தனிப்பெயரே உண்டு. எண்ணெய் வைத்த இரவில் தலையணை உறையை மாற்றுங்கள். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவி வெயிலில் போவது இதைவிட மோசம். தோல் புண்ணாகி, புதிதாகக் கருந்தடம் விழும்.

பல பெட்டிகளில் 'நான்-கொமெடோஜெனிக்', அதாவது துளைகளை அடைக்காதது, என்று எழுதியிருக்கும். தேடி வாங்குங்கள், ஆனால் முழுதாக நம்பாதீர்கள். ஒப்பனைப் பொருள்கள் பருவை உண்டாக்குமா என்று 1970-களில் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் தடவிப் பார்த்தது முயலின் காதில். முயல் காதில் வராதது உங்கள் கன்னத்தில் வராது என்று யாரும் உறுதி தர முடியாது. புதிதாக வாங்கியதைத் தாடை ஓரத்தில் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்று புதுப் பொருள்களைத் தொடங்கினால், கெடுத்தது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்தது சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30 என்பது புற ஊதா 'பி' கதிரில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும். 50 என்பது 98 விழுக்காட்டை. எண்ணைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட அளவைப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்திற்கும் பிதுக்கினால் முகத்திற்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். 'பி.ஏ.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறிகள் புற ஊதா 'ஏ' கதிருக்கானவை. மூன்றுக்குக் குறையாமல் பாருங்கள். பேருந்தின் சன்னல் கண்ணாடியைத் தாண்டி வருவது இந்தக் கதிர்தான்.

நம் மாணவர்கள் சன்ஸ்கிரீனை ஒரே நாளில் கைவிட ஒரு காரணம் உண்டு. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு கலந்தவை கறுத்த முகத்தில் சாம்பல் பூசியதுபோல் வெளுத்து நிற்கும். நண்பர்கள் சிரிப்பார்கள். அந்தக் குறை பொருளுடையது, உங்கள் முகத்துடையது அல்ல. கரிம வடிகட்டிகள் கலந்த ஜெல் வகைகள் நிறமில்லாமல் உறைந்துவிடும். இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள வகைகளோ, கரும்புள்ளியை ஆழமாக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கின்றன. அதை ஒப்பனை என்று கட்டொழுங்கு ஆசிரியர் நினைக்காமலிருந்தால் சரி! திடலில் வியர்த்து விளையாடும் நாளில் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். இரவில் கழுவிவிட வேண்டும். இது பையன்களுக்கும்தான்.

தள்ளி வைக்க வேண்டியது நிறத்தை வெளுக்கும் கிரீம். பரு, கரும்புள்ளி, கறுப்பு நிறம் மூன்றையும் இரண்டே வாரத்தில் போக்கும் என்று சொல்லி இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கிறார்களே, அதுதான். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் போன்றவை கலந்திருந்ததால் சுகாதார அமைச்சு பல ஒப்பனைப் பொருள்களின் பதிவை மீண்டும் மீண்டும் ரத்து செய்து வந்துள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பீட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. முதலில் வீக்கத்தை அடக்குவதால் பரு மறைந்து முகம் பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் தோழிகளும் வாங்குகிறார்கள். பிறகு தோல் மெலியும், நிறுத்தினால் பரு முன்னைவிட மோசமாக வெடிக்கும், மீண்டும் அதே கிரீமைத் தேட வைக்கும்.

ஒப்பனைப் பொருளுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கிக் கே என்று முடியும் பதிவு எண் இருக்க வேண்டும். அதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள்; பெட்டியில் உள்ள பெயரும் அங்குள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். எண் இருப்பதால் அரசாங்கம் சோதித்து ஒப்புதல் தந்துவிட்டது என்று பொருளில்லை. விற்பவர் தாமே தரும் அறிவிப்பு அது. எண்ணே இல்லாததைத் தொட வேண்டாம்.

இங்கே மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. கல்யாண வீட்டில் "என்னம்மா, இப்படிக் கறுத்துப் போயிட்டே?" என்று கேட்கும் பெரியவர்கள்தான் அந்தக் கிரீமுக்கு முதல் விளம்பரதாரர்கள். ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் குளோ அண்ட் லவ்லி ஆனது. நம் வீட்டுப் பேச்சு இன்னும் மாறவில்லை. விளையாட்டுப் பயிற்சிக்குப் போகும் மகளைக் கறுத்துவிடுவாய் என்று தடுப்பவர், ஒரு சன்ஸ்கிரீன் வாங்கித் தந்தால் அவள் ஓடுவாள்.

வாங்க வேண்டியவை இந்த இரண்டுதான். எண்ணெய் மிகுந்த முகமென்றால் காலையில் சன்ஸ்கிரீன் மட்டுமே போதும், மாய்ஸ்சரைசர் இரவுக்கு. மருந்தகத்தின் சாதாரண வகைகளே போதுமானவை. ஐந்து பாட்டில் கொண்ட தொகுப்புக்கு மாதச் செலவுப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

பரு பெரிய கட்டியாக வலித்தாலோ, குழி விழத் தொடங்கினாலோ கிரீம் தேடுவதை நிறுத்திவிட்டு அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். தேவையென்றால் அவர்களே தோல் நிபுணரிடம் அனுப்புவார்கள். அங்கே தரக்கூடிய டாக்சிசைக்ளின், ஐசோட்ரெட்டினோயின் மாத்திரைகள் வெயிலுக்குத் தோலைக் கூச வைப்பவை. அப்போது சன்ஸ்கிரீன் இன்னும் அவசியம். போகும்போது இதுவரை முகத்தில் பூசிய எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயரும் பெட்டியும் இல்லாத அந்தச் சின்ன டப்பாவை முதலில் எடுத்துக் காட்டுங்கள்.