பிரசவத்துக்கும் ஜாமீன்தார் வேண்டுமாம்!

நம் தெருவில் ஒரு பெண் நிறைமாதமானால் நாம் என்ன செய்கிறோம்? நடவுக்குப் போகாதே என்கிறோம். குடத்தைத் தூக்காதே என்கிறோம். கடன்பட்டாவது வளையல் அடுக்கிச் சோறு போடுகிறோம். அதே பெண் ஜெயிலில் கிடந்தால்?

2020 ஏப்ரலில் டில்லியில் சஃபூரா சர்கார் என்ற மாணவியைப் போலீசார் கைது செய்தனர். குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்துப் போராடியவர், கர்ப்பிணி. கொரோனா பரவிய அந்நாட்களில் 'உபா' சட்டத்தின் கீழ் திகார் ஜெயிலில் அடைக்கப்பட்டார். ஜாமீன் கேட்டபோது போலீசார் கோர்ட்டில் சொன்ன பதில் என்ன தெரியுமா? பத்தாண்டுகளில் டில்லிச் சிறைகளில் 39 பிரசவங்கள் நடந்திருக்கின்றன. இவருக்கு மட்டும் என்ன சலுகை என்பதே! 39 தாய்மார்கள் பட்டபாடு நாற்பதாவது தாயை அடைத்து வைப்பதற்குச் சாட்சியமாம்! கண்டனக் குரல் கடல் கடந்தும் எழுந்தது. ஜூன் 23ந் தேதி, சர்க்கார் வக்கீலும் ஆட்சேபிக்காத நிலையில், ஐகோர்ட் அவரை ஜாமீனில் விட்டது.

ஜெயிலும் கைக்குழந்தையும் தமிழ்ப் பெண்களுக்குப் புதிதல்ல. 1913இல் தென்னாப்பிரிக்காவில் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்து, மூன்று மாதக் கடுங்காவல் ஏற்ற 11 பெண்களில் ஆறு பேர் இடுப்பில் பிள்ளையோடு போனவர்கள். பெரும்பாலோர் தமிழர்கள். அது அன்னிய ஆட்சி. இன்று?

இன்று காகிதத்தில் குறையில்லை. 2006 ஏப்ரல் 13ந் தேதி சுப்ரீம் கோர்ட், உபாத்யாய் வழக்கில் தெளிவாகவே உத்தரவிட்டது. கர்ப்பிணியை ஒரு ஜெயிலுக்கு அனுப்புமுன் அங்கே பிரசவத்துக்கும் மருத்துவத்துக்கும் வசதி உண்டா என்று பார்க்க வேண்டும். கூடுமானவரை தாற்காலிகமாக விடுவித்து வெளி ஆஸ்பத்திரியில் பிரசவம் நடக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஜெயில் என்று எழுதக் கூடாது. பிள்ளை ஆறு வயதுவரை தாயோடு இருக்கலாம். எல்லாம் நல்ல வார்த்தைகள். ஆனால் அந்தக் 'கூடுமானவரை'யில்தான் ஏழைப் பெண் மாட்டிக் கொள்கிறாள். 2024 நவம்பரில் பம்பாய் ஐகோர்ட்டின் நாகபுரி அமர்வு, போதைப்பொருள் வழக்கில் சிக்கிய ஒரு கர்ப்பிணிக்கு ஆறுமாத ஜாமீன் தந்தது. ஐகோர்ட் வரை போக அவருக்கு வக்கீல் இருந்தார். பாகூர் கொம்யூனில் நாற்று நடுகிறவளுக்கு?

ஜாமீன் உத்தரவே வந்தாலும் ஜாமீன்தார் எங்கே? மணப்பட்டில் கூலிக்காரியின் உறவினரும் கூலிக்காரர்தாம்; அவர்களிடம் சொத்துப் பத்திரம் ஏது? ஜெயிலோ புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டில். நாமோ தெற்குக் கோடியில். ஒருமுறை பார்த்து வந்தால் ஒருநாள் கூலி போச்சு.

1978இல் மோதிராம் என்ற கொத்தனாரிடம் மாஜிஸ்திரேட் ரூ.10,000 ஜாமீன் கேட்டார். சகோதரர் முன்வந்தால், சொத்து வேறு ஜில்லாவில் என்று தள்ளிவிட்டார். சுப்ரீம் கோர்ட்டில் கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். 1957இல் கேரளக் கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் சிறைத்துறையைப் பார்த்தவர் அல்லவா! கொத்தனாருக்குக் கிடைத்த நியாயம் கர்ப்பிணிக்குக் கிடைக்கலாகாதா? கொலை போன்ற கொடிய குற்றம் நீங்கலாக, விசாரணைக் கைதியான ஒவ்வொரு கர்ப்பிணியையும் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

அதுவரை தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். ஜாமீனில் விடத்தக்க குற்றமானால், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கட்ட முடியாதவரை ஏழை என்றே கருதி, ஜாமீன்தார் இல்லாமல் விட வேண்டும். யார் வீட்டிலாவது இப்படி நேர்ந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அன்றே சங்கத்தில் சொல்லுங்கள். சொந்த மனைப்பட்டா உள்ள தோழர்கள் ஜாமீன் நிற்கத் தயாராகப் பெயர் கொடுத்து வையுங்கள்.