கையெழுத்துக்கு முன்னால் வரவேண்டிய வக்கீல்

"எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்க? எதுலயாவது கையெழுத்துப் போட்டுட்டானா?"

வக்கீலம்மா ஃபோனில் கேட்ட முதல் இரண்டு கேள்விகள் இவை. 2025 தை மாதம், ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. ஹெப்பகோடியில் என் மெஸ்ஸில் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. பையன் எடுத்தானா இல்லையா என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கு அது அப்போது உறுத்தியது. ஒரு வருடமாகக் கோர்ட்டு வராந்தாவில் நின்ற பிறகு சொல்கிறேன், அந்த நேரத்தில் கேட்கவேண்டியவை அவை இரண்டும்தான்.

பிடிபட்டது என் தங்கை மகன். வயது இருபத்திரண்டு. பாலக்கோட்டிலிருந்து வந்து இங்கே ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்ட் ஆளாகச் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். ஸ்டோரில் ஒரு செம்புக் கம்பிச் சுருள் குறைந்துவிட்டது. நாற்பது கிலோ, 38,000 ரூபாய் என்று புகார். அன்று பிற்பகல் மூன்று மணிக்குச் செக்யூரிட்டி அறையில் அவனை உட்காரவைத்து முதலில் ஃபோனை வாங்கிக்கொண்டார்கள். ஏழு மணிக்குக் காவல் நிலையம் கொண்டுபோனார்கள். "ஒத்துக்கோ, திங்கக்கிழமை வேலைக்கு வந்துடலாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எட்டரைக்குள் கன்னடத்தில் எழுதிய மூன்று தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டான். பத்தாவது வரை தமிழில் படித்தவன். கடையில், பஸ்ஸில் சமாளிக்கிற அளவுக்குக் கன்னடம் பேசுவான். ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது.

நான் 1996-ல் ஹெப்பகோடிக்கு வந்தேன். அப்போது ஓசூர் ரோட்டின் இருபக்கமும் ராகி வயல் இருந்தது. இன்று தலைக்கு மேலே மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடுகிறது. 2025 ஆகஸ்ட் 10-ல் திறந்தார்கள். பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டு போகிறவர்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களோடு ஒடிசா, பீகார், அசாம் பிள்ளைகளும் நடக்கிறார்கள். பொருள் ஒன்று காணாமல் போனால் முதல் பார்வை இவர்கள் மேல்தான் விழுகிறது. நிரந்தர வேலையில் இருப்பவரைக் கேட்பதற்கு முன்னால் காண்டிராக்ட் ஆளின் பையைத் திறக்கிறார்கள். இருபத்தொன்பது வருடம் இவர்களுக்குச் சோறு போட்டவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

அன்றிரவு ஸ்டேஷன் வாசலில் டீக்கடைப் பக்கம் நின்ற ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாற்பதாயிரம் கொடுத்தால் எஃப்.ஐ.ஆரே வராது என்றார். என் தங்கை காதிலிருந்த தோட்டைக் கழற்றிவிட்டாள். "அண்ணா, குடுத்துட்டுக் கூட்டிட்டு வந்துடலாம்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொடுக்கத்தான் இருந்தேன். வக்கீலம்மா ஃபோனிலேயே தடுத்தார். பணம் கொடுத்தால் குற்றத்தை ஒத்துக்கொண்டது போலாகும், அதன்பிறகும் கேஸ் வரும் என்றார். அந்தத் தோட்டில் பாதி அவருடைய ஃபீஸுக்குத்தான் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். தமிழ் வீட்டு மொழி, கன்னடம் பள்ளிக்கூட மொழி. அப்பா சுரங்கத் தொழிலாளி. ஷிப்டு முடிந்து மேலே வருகிறவர்களைத் தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று சோதித்து அனுப்பிய ஊர் அது. 1930-ல் அங்கே தொழிலாளர்கள் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து கூலிக்காரன்னா திருடன்னுதான் கணக்கு" என்று அவர் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை. பழகிப்போன உண்மையைச் சொல்வதுபோல் சொன்னார்.

அவரிடம் நான் கற்றுக்கொண்டதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. சாதாரணத் திருட்டுக்கு அதில் 303-வது பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல்முறை தண்டனை பெறுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடினார் என்றால் 306, ஏழு ஆண்டு வரை போகும். எங்கள் பையன் மேல் போட்டது 306. எந்தப் பிரிவு, எவ்வளவு மதிப்பு என்று எழுதுகிற அந்த ஒரு வரியில் ஒரு பையனின் வருடங்கள் அடங்கியிருக்கின்றன. அதை எழுதுகிறபோது அவன் பக்கத்தில் யாரும் இல்லை.

செக்யூரிட்டி அறையில் அடைத்துவைத்தார்களே, அதற்கும் சட்டம் இருக்கிறது. தன் கண்ணெதிரே கடுங்குற்றம் செய்தவரைத்தான் தனியார் ஒருவர் பிடித்துவைக்கலாம். அதுவும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். சந்தேகத்தின் பேரில் அடைத்துவைக்க எந்தக் கம்பெனிக்கும் அதிகாரமில்லை. ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது கூடாது, அவசியம் இல்லாவிட்டால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2014-ல். விசாரணையில் ஒருவர் சொன்னதை எழுதினால் அதில் அவருடைய கையெழுத்தை வாங்கக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கும் விதி. நியாய சன்ஹிதாவோடு சேர்ந்து வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அது 181-வது பிரிவாக இருக்கிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் "நான் காட்டுகிற இடத்தில் பொருள் இருக்கிறது" என்று சொல்லி அங்கே பொருளும் கிடைத்ததாக எழுதினால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். எங்கள் பையன் கையெழுத்துப் போட்ட இரண்டாவது தாளில் சரியாக அதுதான் இருந்தது. தன் ரூமுக்குப் பின்னால் புதரில் சுருளை எடுத்துக் கொடுத்தானாம். "மாமா, நான் ஸ்டேஷனை விட்டே வெளிய போகலை" என்று அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை ரிமாண்டு. வக்கீலம்மா அர்னேஷ் குமார் தீர்ப்பைச் சொல்லிப் பார்த்தார். பையன் பரப்பன அக்ரஹாரா போனான். தமிழ் வாசகர்களுக்கு அந்தச் சிறை ஜெயலலிதாவால் தெரியும். 2014 அக்டோபரில் அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் ஃபாலி நாரிமன் வந்து நின்றார், ஜாமீன் கிடைத்தது. அவருக்குக் கிடைத்தது உரிமை. அதே மதிலுக்குள் கிடக்கிற கூலிக்கும் அதே உரிமை என்பதுதான் என் வாதம்.

நாலாம் நாள் எங்களுக்கும் ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்தது ஒன்பதாம் நாள். இடையில் ஐந்து நாள் ஷூரிட்டிக்கு, அதாவது பிணை நிற்கும் ஆளுக்கு, அலைந்தோம். உள்ளூர் ஆள் வேண்டும், அவர் பெயரில் பஹணி என்கிற நிலப் பதிவுச் சான்று வேண்டும் என்றார்கள். இருபத்தொன்பது வருடமாக வாடகை வீட்டில் இருக்கும் எனக்கு இங்கே ஒரு சென்ட் நிலம் இல்லை. ஊரில் அரை ஏக்கர் இருக்கிறது, அது மாநில எல்லைக்கு அந்தப் பக்கம்.

இந்த இடத்தில் 1978-ம் வருடத் தீர்ப்பு ஒன்றை வக்கீலம்மா எனக்கு எடுத்துக் காட்டினார். மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு. பத்தாயிரம் ரூபாய்க்கு ஷூரிட்டி கேட்டு, அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டிருந்தார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். தமிழனோ தெலுங்கனோ மலையாளியோ கன்னடனோ தூரதேசத்தில் திருட்டுக் கேஸில் மாட்டிக்கொண்டால் அங்கே சொத்துள்ள ஷூரிட்டிக்கு எங்கே போவான் என்று அந்தத் தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார். எங்களைப் பார்த்தே எழுதியதுபோல் இருந்தது. 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும், உள்ளூர் ஷூரிட்டி என்ற நிபந்தனையாலும் விடுதலை தாமதமாகிறது, அதை விதிக்காமல் இருக்கலாம் என்றது. நாற்பத்தைந்து வருட இடைவெளியில் ஒரே விஷயத்தை இரண்டுமுறை சொல்லவேண்டி வந்திருக்கிறது.

கடைசியில் ஷூரிட்டி நின்றவர் எங்கள் மெஸ்ஸுக்குப் பால் ஊற்றும் கன்னடக்காரர். பஹணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கோர்ட்டில் காத்திருந்தார். கறவை நேரத்துக்கு மகனை அனுப்பினார். ஒரு ரூபாய் வாங்கவில்லை. மொழிச்சண்டை பேசுகிறவர்கள் இதையும் எழுதிவைக்கட்டும்.

குற்றப்பத்திரிகை வந்தபிறகுதான் குற்றவியல் வக்கீலின் வேலை என்னவென்று எனக்கு விளங்கியது. சினிமாவில் காட்டுவதுபோல் உரக்கப் பேசுவதல்ல அது. காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடுவது. புகாரில் சுருள் நாற்பது கிலோ, பறிமுதல் மகஜரில் முப்பத்தொன்று. மகஜர் சாட்சிகள் இரண்டு பேரும் அதே கம்பெனி செக்யூரிட்டி ஆட்கள். பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் 105-வது பிரிவில் சொல்கிறது. வீடியோ இல்லை. பை சோதனையும் கேமராவும் உள்ள கேட்டை நாற்பது கிலோவோடு ஒருவன் எப்படித் தாண்டினான்? அந்த கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி வக்கீலம்மா இரண்டாம் நாளே மனுப் போட்டிருந்தார். அன்று போடாவிட்டால் இன்று அது இருந்திருக்காது.

"எடுத்தவனுக்கும் வக்கீல் வேணுமா?" என்று மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களே கேட்கிறார்கள். வேண்டும். 2011-ல் என் கல்லாவிலிருந்து வேலைக்காரப் பையன் ஒருவன் ஆறாயிரம் ரூபாய் எடுத்தான். எடுத்தது உண்மை. நான் அவனை அறைந்தேன். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டு மாதச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டு துரத்தினேன். அவன் எடுத்தது ஆறாயிரம், நான் பிடித்தது ஒன்பதாயிரம். அவன் பக்கம் பேச ஒருவர் இருந்திருந்தால் அந்தக் கணக்கை அன்றே என் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார். நான் செய்தது தவறு.

2025 ஜூன் மாதக் கடைசியில் போலீஸ் காவலில் இறந்த மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமாரைத் தமிழ்நாடு மறந்திருக்காது. நகை காணவில்லை என்ற ஒரு வாய்மொழிப் புகாரில் அழைத்துப் போனார்கள். மறுநாள் பிணம். உடலில் 44 காயங்கள். அப்போது அவர் பக்கத்தில் ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தால், ஒரே ஒரு வக்கீல், அந்தக் கை ஓங்கியிருக்குமா?

அதே வருடம் நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தைக் கைதாகிறவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும். அப்போதே முடியாவிட்டால் ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலாவது கொடுத்தாக வேண்டும். எங்கள் பையனுக்குப் பத்து மாதம் பிந்தி வந்த தீர்ப்பு. இனி வருகிற பிள்ளைகளுக்காவது அது தாளில் தமிழாக வரவேண்டும், ஒடியாவாக வரவேண்டும், இந்தியாக வரவேண்டும்.

காவலில் இருக்கிற எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வக்கீல் உண்டு என்கிறது 1987-ம் வருடச் சட்ட உதவிச் சட்டம். ஆலைத் தொழிலாளிக்கும் உண்டு. எனக்கு அன்றிரவு அது தெரியாது. ஸ்டேஷன் சுவரில் அது எந்த மொழியிலும் எழுதியிருக்கவில்லை. கர்நாடக சட்டப் பணிகள் ஆணையத்திடம் நான் கேட்பது ஒன்றுதான். ஓசூர் ரோட்டு ஸ்டேஷன் ஒவ்வொன்றுக்கும் இரவும் பகலும் வரக்கூடிய வக்கீலின் பெயரும் எண்ணும் சுவரில் இருக்கட்டும். கைது என்று எழுதுவதற்கு முன்னால் அவருக்கு ஃபோன் போகட்டும். 1950-லிருந்து இயங்கிவரும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் இரண்டு மொழியும் தெரிந்த வக்கீல்களின் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் வழக்கு முடியவில்லை. பதினோரு வாய்தா ஆகிவிட்டது, முதல் சாட்சி இன்னும் கூண்டேறவில்லை. பையன் இப்போது என் மெஸ்ஸில் இலை போடுகிறான்.

ஊரை விட்டு வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, ஃபோனைத்தான் முதலில் வாங்கிக்கொள்வார்கள். ஆகவே 15100 என்ற சட்ட உதவி எண்ணையும் வீட்டில் ஒருவருடைய எண்ணையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வாசித்துக் காட்டாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.