நின்ற நீச்சல்: ஆழிக்குமரன் ஆனந்தனை முன்வைத்து

இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்களுக்கு வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகைமையைப் பாடம் நடத்திய பின், விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்வை நான்கு பக்கங்களில் எழுதி வருமாறு பணித்திருந்தோம். வந்து சேர்ந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை கிரிக்கெட் வீரர்களைப் பற்றியவை. சதுரங்கத்திற்கு ஓரிரண்டு இடங்கள். அவ்வகுப்பின் பாதி மாணவர்கள் காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூர்க் குப்பங்களிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வருபவர்கள். அலையில் விழுந்து எழுந்து வளர்ந்தவர்கள். ஆயினும் ஒருவர்கூட நீச்சல் வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

அடுத்த வகுப்பில் வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தனைப் பற்றிக் கூறினோம். பாக்கு நீரிணையை நீந்தியவர், எட்டு நாள் மிதிவண்டி மிதித்தவர், ஒற்றைக் காலில் நின்றவர் என்று அவருடைய சாதனைகளை வரிசையாக அடுக்கினோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "இன்னா சார் இது, சர்க்கஸ் மாரி கீது!" வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். வீடு திரும்பும் வழியெல்லாம் அச்சிரிப்பு நம்மை உறுத்தியது. தவறு மாணவனுடையதன்று. ஒரு மனிதனின் வாழ்வைப் பட்டியலாக்கிக் கொடுத்தவர் நாம்; பட்டியலைக் கேட்டவன் வேறு எப்படி எண்ணுவான்? அவனுக்கு நாம் தர வேண்டியிருந்த விடையை இங்கு எழுதிப் பார்க்கிறோம்.

ஆனந்தன் 1943 மே 25 அன்று பிறந்தவர். அவருடைய ஊர் கடலோடிகளின் ஊர். அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்மரக் கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பாக்கு நீரிணையை நீந்திக் கடக்கும் எண்ணமும் அக்கரைக்குப் புதிதன்று. 1954-இலேயே ஈழத்து நவரத்தினசாமி அதனைச் செய்து காட்டினார். 1966-இல் வங்காளத்து மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். ஆனந்தன் 1971-இல் செய்தது இவற்றினும் ஒரு படி அப்பால். அவர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்து, அவ்வளவில் நிறைவடையாமல், வந்த வழியே திரும்பி நீந்தினார். போக வர ஆன நேரம் 51 மணி. ஆழிக்குமரன் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது.

இந்த 51 மணி நேரத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீந்துபவனை அழைப்பதற்கு ஒரு கரை இருக்கிறது. தொட்ட கரையை விட்டுத் திரும்பி நீருக்குள் இறங்குபவனுக்கு அந்த ஆறுதலும் இல்லை. கைகள் கனத்து, உப்பு நீரால் நா தடித்து, உறக்கம் கண்ணை இழுக்கும் நேரத்தில், முடித்துவிட்டதாகச் சொல்லத்தக்க ஒன்றை முடியாததாக மாற்றிக்கொள்ளும் மனம் அது. வள்ளுவர் முதலாகப் பிறவியைக் கடலாக்கி அதனை நீந்திக் கடப்பதைப் பேசிவந்த மரபு நம்முடையது. 'எதிர்நீச்சல்' என்னும் சொல்லை மேடைதோறும் செலவழிக்கிறோம். உவமையில் நீந்தியவரை அறிந்த அளவுக்கு, உடலால் நீந்தியவரை நாம் அறியவில்லை.

இன்று நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிகளை உலகம் வியந்து பார்க்கிறது. அவற்றுள் புகழ்பெற்ற 'அயர்ன்மேன்' 1978-இல் ஹவாய்த் தீவுகளில் தொடங்கியது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம் ஆகியவை அதன் அளவுகள். ஹவாயில் அது தொடங்கிய மறு ஆண்டு, 1979 மே மாதத்தில், கொழும்பின் விகாரமாதேவி பூங்காவைச் சுற்றி ஆனந்தன் 187 மணி 28 நிமிடம் இடைவிடாது மிதிவண்டி ஓட்டினார். 1980 மே மாதத்தில் அதே பூங்காவில் 33 மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றார். கின்னஸ் நூலில் அவர் பெயர் பலமுறை ஏறியது. இச்செயல்களைப் போட்டி விதிகளுக்குள் கோத்து, ஒரு பெயரும் ஒரு கோப்பையும் அளிக்கும் அமைப்பு எதுவும் அவருக்குப் பின்னால் இல்லை. தொழிலால் அவர் வழக்கறிஞர். அமைப்பு இருந்தால் விளையாட்டு என்கிறோம். இல்லையென்றால் வித்தை என்கிறோம். எம் மாணவனின் 'சர்க்கஸ்' என்னும் சொல் பிறந்த இடம் இதுவே எனத் தோன்றுகிறது.

அவருடைய சாதனைகளுள் ஒன்று நம் சென்னையில் நிகழ்ந்தது. 1981 மார்ச் மாதத்தில், மெரினாக் கடற்கரையின் அண்ணா நீச்சல் குளத்தில், 80 மணி நேரம் அவர் நின்ற நீச்சல் அடித்தார். முன்னே செல்லாமல், பக்கத்தைப் பற்றாமல், தரையைத் தொடாமல், செங்குத்தாக நின்றபடியே காலாலும் கையாலும் நீரைத் துழாவி மிதந்திருத்தல். இதில் தூரமே இல்லை. எட்ட வேண்டிய கரையும் இல்லை. மூழ்காதிருத்தல் ஒன்றே வெற்றி.

இதைச் சர்க்கஸ் என்று கடலோரத்தார் சொல்லலாகாது. படகு கவிழ்ந்து, துணைக்கு மற்றொரு படகு வரும்வரை நீருக்குள் நின்ற எத்தனையோ மீனவர்கள் செய்தது இதையேதான். அவர்கள் கணக்கு வைக்கவில்லை. ஆனந்தன் கணக்கு வைத்தார். வேறுபாடு அவ்வளவே.

1984 ஆகஸ்ட் 6 அன்று, ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் ஆனந்தன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41. அக்கால்வாயின் மிகக் குறுகிய பகுதி ஏறத்தாழ 33 கிலோமீட்டர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான தொலைவினும் பெரிதாக மிகுந்ததன்று. அவரைப் போன்றவருக்குத் தூரம் பொருட்டன்று. ஆனால் நீர் வேறு. நம் கடலின் வெதுவெதுப்பு அங்கில்லை. கோடையிலும் 16, 17 பாகை செல்சியசு அளவிலேயே அந்நீர் இருக்கும். கால்வாய் நீச்சலின் மரபு விதிகளோ, குளிர் தாங்கும் உடையை அனுமதிப்பதில்லை; உடன்வரும் படகைத் தொட்டாலே முயற்சி முடிந்தது. மணிக்கணக்கில் அக்குளிரில் கிடக்கும் உடல், தான் உண்டாக்கும் வெப்பத்தினும் மிகுதியாக இழந்துகொண்டே இருக்கும்.

இம்முடிவைப் பற்றி இருவகையாகப் பேசுகிறார்கள். 'வேண்டாத வேலை' என்பது ஒன்று. 'வீரமரணம்' என்பது மற்றொன்று. இரண்டுமே அவரை வாசிக்கவிடாமல் தடுக்கும் திரைகள் என்பது நம் கருத்து. முன்னது அவரைப் பித்தராக்குகிறது, பின்னது சிலையாக்குகிறது. நல்ல வாழ்க்கை வரலாறு இவ்விரண்டுக்கும் இடையில் நின்று கேள்வி கேட்கும். வெதுவெதுப்பான கடலில் பழகிய உடலைக் குளிர்க் கடலுக்குப் பழக்குவது எப்படி? அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது? தன்னந்தனி மனிதன் எந்த இடத்தில் 'போதும்' என்று சொல்லக் கற்க வேண்டும்? இவை சிலைகளிடம் கேட்க முடியாத கேள்விகள்.

செலவு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் குற்றாலீசுவரன். தமிழகத்தின் இச்சிறுவன் 1994 ஏப்ரலில் பாக்கு நீரிணையையும், அதே ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயையும் நீந்தினான். ஒரே ஆண்டில் ஆறு கால்வாய்களைக் கடந்து மிகிர் சென்னின் சாதனையை முறியடித்தான். 1996-ஆம் ஆண்டின் அர்ஜுனா விருது அவனுக்குக் கிடைத்தது. போதிய ஆதரவாளர் கிடைக்காமையால் நீச்சலைத் தொடராமல், பின்னர்ப் பொறியியல் கல்விக்குச் சென்றுவிட்டார். முன்னவருக்குக் கடல் முடிவு தந்தது. இவருக்குக் கரையே முடிவு தந்தது. நாம் இரண்டையும் கைதட்டிப் பார்த்திருந்தோம்.

இவ்விடத்தில் நம் வடசென்னையைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க இயலாது. ஆண்டின் பெரும்பகுதி நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1870களில் தொடங்கிய துறைமுகப் பணிகள் அம்மணலின் வழியை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்து மெரினாவை அகலமாக்கியது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. ஆனந்தன் நின்ற நீச்சல் அடித்த குளம் அமைந்திருப்பது அந்தத் தென்புறக் கரையில். நமக்குக் கிடைத்தவை கருங்கல் குவியல்களும் தூண்டில் வளைவுகளும். 2017 சனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை நம் மக்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. நீந்தத் தெரிந்த பிள்ளைகள் இங்கு நிறைய உண்டு. அவர்கள் நீந்தத்தக்க நீர்தான் குறைந்துகொண்டே வருகிறது.

ஆகவே பிள்ளைகளைக் கால்வாய் நீந்த அனுப்புங்கள் என்று நாம் கூறவில்லை. கற்களுக்கிடையே குதித்து விளையாடி உயிரிழக்கும் சிறுவர்களைப் பற்றிய செய்தியைப் படிக்கும் எவரும் அப்படிக் கூறத் துணியார். நாம் வேண்டுவது எளியது. இத்தகைய வாழ்வுகள் வகுப்பறைக்கு வர வேண்டும். தலைவர்களும் புலவர்களும் மட்டுமே வாழ்க்கை வரலாற்றுக்கு உரியவர்கள் என்னும் எண்ணம் போக வேண்டும். உடலின் உழைப்பையும் சலிப்பையும் அச்சத்தையும் எழுதும் உரைநடை ஒன்று தமிழில் பழக வேண்டும். அப்படி எழுதப் பழகும் மாணவன், தான் நீந்தும் நீரில் எண்ணெய் மிதப்பதையும் எழுதாமல் விடமாட்டான்.

சென்ற வாரம் அந்தக் கடைசி வரிசை மாணவன் தன் கட்டுரையைத் திரும்ப எழுதிக் கொண்டுவந்தான். தலைப்பில் ஆனந்தன் பெயர் இல்லை. அவனுடைய பாட்டனார் பெயர் இருந்தது. கட்டுமரம் கவிழ்ந்த இரவொன்றில் விடியும்வரை அவர் கடலில் நின்ற கதை. எத்தனை மணி நேரம் என்று கேட்டோம். "யார் சார் பாத்தா? இருட்டுல போனாரு, வெளிச்சத்துல வந்தாரு" என்றான்.

மதிப்பெண் இடும் கட்டத்தை நிரப்புவதற்கு முன், அக்கட்டுரையை இன்னொரு முறை படித்தோம்.