பட்டயத்துக்குப் பரிசு, பட்டறைக்கு ஒன்றுமில்லை

ஐடிஇ முன்னேற்ற விருது 2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் (ஐடிஇ) படித்து முடித்த, 30 வயதுக்கு மேற்படாத சிங்கப்பூரர் பட்டயப் படிப்பில் சேர்ந்தால் அவருடைய உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி சேரும். பட்டயம் பெற்றதும் மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கில் 10,000 வெள்ளி சேரும். மொத்தம் 15,000 வெள்ளி. தொகை சிறியதல்ல. ஐடிஇ பட்டதாரியின் தொடக்கச் சம்பளத்துக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் தொடக்கச் சம்பளத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தைக் குறைக்கவேண்டும் என்ற நோக்கமும் நியாயமானது. குறை, பணத்தோடு ஒட்டிவந்த நிபந்தனையில் இருக்கிறது. பட்டயப் படிப்பில் சேராமல் ஒரு வெள்ளிகூடக் கிடைக்காது.

இந்த நிபந்தனையால் விடுபட்டுப்போகிறவர் யார் என்பதைக் காக்கி புக்கிட்டில் பார்க்கலாம். பிடோக் வட்டாரத்துக்குள் அடங்கும் அந்தத் தொழிற்பேட்டையில் கார் பழுதுபார்ப்பு, சாயமடித்தல், மின்னிணைப்பு, ஏர்கான் வேலை என்று மாடிக்கு மாடி பட்டறைகள். ஐடிஇயின் நைட்டெக் படிப்பை முடித்து அங்கே வேலைக்குச் சேர்ந்த இளையர் ஒருவர் தம் தொழிலில் உயர விரும்பினால் அரசாங்கத்தின் பதில் ஒன்றுதான்: மறுபடி வகுப்பறைக்குப் போய்ப் பட்டயம் வாங்கி வரவேண்டும். ஒன்பது மாதம் ஷென்சென் நகரத்திலோ ஸ்டுட்கார்ட் நகரத்திலோ ஒரு பட்டறையில் வேலை பார்த்துத் திரும்ப அவர் விரும்பினால், அந்த 15,000 வெள்ளியில் விமானச் சீட்டுக்குக்கூட ஒரு காசு எடுக்க முடியாது.

இது கற்பனைத் தேவையன்று. 2025 ஜனவரி முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களும் டாக்சிகளும் பதிவு செய்யப்படுவதில்லை. 2030 முதல் பதிவாகும் புதிய கார்கள் அனைத்தும் தூய எரிசக்தியில் ஓடவேண்டும். 2040க்குள் எல்லா வாகனங்களும் மாறவேண்டும். 2024இல் இங்கே அதிகம் விற்பனையான மின்சாரக் கார், ஷென்சென் நகரைத் தலைமையகமாகக் கொண்ட பிஒய்டி நிறுவனத்துடையது. இயந்திர எண்ணெய் மாற்றியும் கியர்பெட்டி பிரித்தும் கை பழகியவர், நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உள்ள மின்கலத் தொகுப்பைத் தொடவேண்டிய காலம் இது. மின்னிணைப்பைத் துண்டிக்கும் ஒழுங்கு, மின்காப்புக் கையுறையோடு வேலை செய்யும் பழக்கம், பழுதான மின்கலத்தைப் பிரித்தறியும் கண் ஆகியவற்றின் அடிப்படையைப் பாடத்தில் கற்கலாம். அவை கையில் படிவது, நாளுக்குப் பல வண்டிகள் வந்துபோகும் பட்டறையில்தான். அப்படிப்பட்ட பட்டறைகள் இப்போதைக்கு வெளிநாட்டில்தான் அதிகம்.

கைத்தொழிலின் இயல்பே இப்படித்தான். சமையற்காரர் தம் அடுப்பை விட்டு இன்னொருவர் அடுப்பில் நின்றால்தான் புதிய பதம் பிடிபடும். தாதி வேறொரு மருத்துவமனையின் இரவுப்பணியைப் பார்த்தால்தான் தம் வார்டின் வழக்கங்களில் எது அவசியம், எது வெறும் பழக்கம் என்பது தெரியும். மேலே சொன்ன விருது இதை அறிந்த விருதாகத் தெரியவில்லை. திறன் என்பது பாடத்திட்டத்தின் அடுத்த நிலை என்றே அது எண்ணுகிறது.

வெளிநாட்டு அனுபவத்துக்கு வேறு திட்டங்கள் இருக்கின்றன என்ற பதில் உடனே வரும். இருக்கின்றன. ஆனால் அவை எப்படி எண்ணப்படுகின்றன, யாருக்கு எட்டுகின்றன என்று பார்க்கவேண்டும். 2020இல் அறிவிக்கப்பட்ட 70-70 இலக்கின்படி உயர்கல்வி நிலைய மாணவர்களில் 70 விழுக்காட்டினர் வெளிநாட்டு அனுபவம் பெறவேண்டும். அவர்களில் 70 விழுக்காட்டினர் அதை ஆசியான், சீனா, இந்தியா ஆகிய இடங்களில் பெறவேண்டும். வெளிநாட்டு அனுபவம் என்ற தலைப்பின்கீழ் சில நாள் கல்விப் பயணமும் அடங்கும், ஆறு மாத வேலைப்பயிற்சியும் அடங்கும். ஒரு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்து, வாசலில் படமெடுத்துக்கொண்டு திரும்பியவரும் அதே தொழிற்சாலையில் அரையாண்டு இரவுப்பணி பார்த்தவரும் அந்த விழுக்காட்டில் ஆளுக்கொரு எண். இலக்கு எட்டப்படுவது இப்படி எளிதாகிறது. பயன்?

எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் 2019இல் தொடங்கிய குளோபல் ரெடி டேலண்ட் திட்டம் ஐடிஇ மாணவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. வெளிநாட்டு வேலைப்பயிற்சிக்கான உதவித்தொகையில் ஒரு பங்கை அது நிறுவனங்களுக்குத் திருப்பித் தருகிறது. அதற்கு, வெளிநாட்டில் தொழில் நடத்தும் நிறுவனம் ஒன்று முன்வரவேண்டும். பெரிய வங்கிக்கும் தளவாட நிறுவனத்துக்கும் அது இயலும். காக்கி புக்கிட்டில் ஐந்தாறு பேரை வைத்துத் தொழில் செய்யும் முதலாளிக்கு ஷென்செனில் கிளை கிடையாது. ஓர் ஆள் ஆறு மாதம் இல்லாவிட்டால் வாடகை கட்டுவதே சிரமம். கல்வி நிலையம் ஏற்பாடு செய்யும் பயணத்துக்குக் கல்விக் கணக்கைப் பயன்படுத்த இடமுண்டு. வசதி குறைந்த மாணவர்களுக்குத் தனி உதவியும் உண்டு. ஆனால் அவை கல்வி நிலையத்தில் பெயர் பதிந்திருக்கும்வரைதான். படிப்பை முடித்து வேலையில் சேர்ந்து, தமக்கு என்ன தெரியவில்லை என்பதை முதன்முறையாக உணரும் ஆண்டில் அந்த இளையருக்கு எந்தக் கதவும் எளிதில் திறப்பதில்லை. அவருக்கென்று வந்த விருதும் பட்டயத்தைக் கொண்டுவா என்கிறது.

நீண்ட கால வெளிநாட்டு வேலை அனுபவத்தை ஏற்பாடு செய்யத் தெரியாத நாடல்ல இது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுக் கல்லூரித் திட்டம் 2002இல் சிலிக்கன் பள்ளத்தாக்கில் தொடங்கியது. மாணவர்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை புதுநிறுவனங்களில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே பாடமும் படிக்கிறார்கள். அந்தக் காலம் பட்டப்படிப்பின் கணக்கில் சேர்கிறது. கேரோசெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் அந்த வழியாக வந்தவர்கள். பட்டம் படிப்பவருக்கு ஓராண்டு வேலை அனுபவம் கல்வியாக எண்ணப்படும்போது, நைட்டெக் படித்தவருக்கு அதே அனுபவம் ஏன் எண்ணப்படுவதில்லை? பிடோக் எம்ஆர்டி நிலையத்திலிருந்து கிழக்கே இரண்டாவது நிலையமான சீமெய்யில் ஐடிஇ கிழக்குக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம். இரண்டும் பொறியியல் கற்பிக்கின்றன. வெளிநாட்டில் ஒரு முழுப் பருவத்தைக் கழிக்கும் வாய்ப்பு பல்கலைக்கழக மாணவருக்கு உண்டு. கல்லூரி மாணவருக்கு அது அபூர்வம்.

மற்ற நாடுகள் இந்தப் பாகுபாட்டைச் சட்டம்போட்டே தளர்த்தின. ஜெர்மனி 2005இல் திருத்திய தொழிற்பயிற்சிச் சட்டப்படி, தொழிற்பழகுநர் தம் பயிற்சிக் காலத்தில் கால்பங்குவரை வெளிநாட்டில் கழிக்கலாம். மூன்றாண்டுப் பயிற்சியில் அது ஒன்பது மாதம். அந்தக் காலம் பயிற்சியின் பகுதியாகவே கணக்கில் சேரும். பல்கலைக்கழக மாணவர்களுக்கான எராஸ்முஸ் திட்டம் 1987இல் வந்தது. தொழிற்பயிற்சி பெறுவோருக்கு 1995இல் லியொனார்தோ தா வின்சி திட்டம் தொடங்கப்பட்டது. இன்று இரண்டும் ஒரே குடையின்கீழ் உள்ளன. தொழிற்பழகுநர் மூன்று மாதத்திலிருந்து ஓராண்டுவரை வெளிநாட்டில் தங்க அதில் தனிப்பிரிவே இருக்கிறது. தொழிற்கல்வி பெறுவோரில் குறைந்தது 12 விழுக்காட்டினர் 2030க்குள் வெளிநாட்டில் பயிலவேண்டும் என ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2024இல் இலக்கு வகுத்தன. 70ஐவிட 12 சிறிய எண்தான். ஆனால் அது தொழிற்கல்வி பெறுவோருக்கென்றே தனியாக எழுதப்பட்ட எண். சிங்கப்பூரின் 70 எல்லாரையும் ஒன்றாகக் கலந்த எண்.

ஐடிஇயின் வேலை-கல்விப் பட்டயத்தில் பயிற்சியின் பெரும்பகுதி, ஏறத்தாழ 70 விழுக்காடு, வேலையிடத்திலேயே நடக்கிறது. அந்த வேலையிடத்தின் ஒரு பகுதி கடலுக்கு அப்பால் இருக்கலாம் என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய சீர்திருத்தமல்ல. விருதை வடிவமைத்தபோது அந்த வரியைச் சேர்க்க வாய்ப்பு இருந்தது. சேர்க்கவில்லை.

நாடுகளுக்கிடையிலான ஏற்பாடுகளிலும் இதே பார்வைதான். 2004இல் நடப்புக்கு வந்த அமெரிக்கா-சிங்கப்பூர் தடையற்ற வணிக உடன்பாடு ஆண்டுக்கு 5,400 சிங்கப்பூரர்களுக்குத் தனி வேலை விசா ஒதுக்கியது. அதற்குப் பட்டம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் வேலை-விடுமுறை விசாவுக்கும் சிங்கப்பூரர் உயர்கல்வித் தகுதி காட்டவேண்டும். சிங்கப்பூர் தானே வெளிநாட்டு இளையருக்குத் தரும் வேலை-விடுமுறை அனுமதியும் பல்கலைக்கழக மாணவருக்கும் பட்டதாரிக்கும் மட்டும்தான். ஜெர்மானியத் தொழிற்பழகுநர் அந்த வழியில் இங்கே வர முடியாது. பிறகு, இங்குள்ளவரை அங்கே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? ஆண்களுக்குத் தேசிய சேவை வேறு இருக்கிறது. சேவைக்கு முந்திய வயதில் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வெளியேறும் அனுமதி பெறவேண்டும். அந்தக் கடமை சரியே. ஆனால் சேவைக்கு முன்பும் பின்பும் இருக்கும் குறுகிய காலத்தை வீணாக்காத ஏற்பாடு தேவை என்பதற்கு அதுவே கூடுதல் காரணம்.

தாளை நம்பிக் கையை நம்பாத போக்கு இந்த விருதோடு தொடங்கியதல்ல. 1979இல் கொண்டுவந்த கல்வி முறையில், தேர்வில் பின்தங்கிய பிள்ளைகள் ஒருமொழிப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டார்கள். எட்டாண்டு தொடக்கப்பள்ளியில் இருந்துவிட்டு, உயர்நிலைப்பள்ளி வாசலை மிதிக்காமலே தொழிற்பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். தொழிற்கல்வி என்றால் தேறாதவர் போகும் இடம் என்ற இழிசொல்லுக்கு அடித்தளம் போட்டவை இத்தகைய முடிவுகள்தான். 1984இல், பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை என்றார்கள். மக்கள் கொதித்தார்கள். பொதுத் தேர்தல் முடிந்தபின் 1985இல் அது கைவிடப்பட்டது. 1992இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை இஎம்1, இஎம்2, இஎம்3 என்று பிரித்தார்கள். பத்து வயதில் கடைப்பிரிவான இஎம்3 முத்திரை குத்தும் வழக்கம் நீங்க 2008 ஆகவேண்டியிருந்தது. உயர்நிலைப் பிரிவுகள் நீங்க 2024 ஆயிற்று. பெரும்பாலும் முடிவு விரைவாக வருகிறது, திருத்தம் ஒரு தலைமுறை கழித்து வருகிறது. இடைப்பட்ட பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்ல ஆளில்லை.

தொழிற்பயிற்சியில் நடந்ததும் அதே கதை. பொருளியல் வளர்ச்சிக் கழகம் 1972இல் டாட்டாவோடும், 1973இல் ரோலையோடும், 1975இல் பிலிப்சோடும் சேர்ந்து பயிற்சி நிலையங்கள் அமைத்தது. 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் ஆகியவற்றோடு கூட்டு நிலையங்கள் வந்தன. வெளிநாட்டுப் பட்டறையின் ஒழுக்கத்தை இங்குள்ள இளையர் கையில் ஏற்றிய ஏற்பாடுகள் அவை. பின்னர் அந்தக் கூட்டு நிலையங்கள் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குள் கரைந்தன. மறுபடியும் பட்டயம். ஜெர்மானிய முறையைப் பார்த்து 1990இல் புதிய தொழிற்பழகுநர் திட்டத்தைத் தொடங்கினார்கள். அது ஆழ வேரூன்றியிருந்தால், வேலையோடு கல்வி என்பதை 2018இல் புதுப்பெயரிட்டு மறுபடி அறிமுகப்படுத்தவேண்டிய தேவை வந்திருக்காது. ஜெர்மனியிடமிருந்து திட்டத்தின் பெயரையும் வரைபடத்தையும் வாங்கத் தெரிந்தவர்கள், அங்கே 2005இல் சேர்த்த கால்பங்கு வெளிநாட்டுப் பயிற்சியை மட்டும் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

கடல் கடந்த திறனை மதிப்பிடுவது கடினம் என்ற சமாதானமும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூடும் தமிழ்நாட்டுக் கட்டுமான ஊழியர்களில் பலர், சென்னை போன்ற நகரங்களில் கட்டட, கட்டுமான ஆணையம் அங்கீகரித்த நிலையங்களில் திறன் தேர்வில் தேறிய பிறகுதான் இங்கே வந்தார்கள். கம்பி கட்டுவதும் குழாய் பொருத்துவதும் கடலுக்கு அப்பாலே சோதிக்கப்பட்டு, சான்றளிக்கப்பட்டு, சிங்கப்பூரில் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. வேலைக்கு ஆள் எடுக்கும்போது வெளிநாட்டில் காட்டிய திறன் செல்லும். சொந்த நாட்டு இளையர் வெளிநாட்டில் பெற்ற திறன் விருதுக்குச் செல்லாது. இந்த முரண்பாட்டை முடிவெடுப்பவர்கள் எந்தப் பட்டயப் படிப்பில் கற்றார்கள் என்று தெரியவில்லை.

விருதின் நிபந்தனை திருத்தப்படவேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டு வேலை அனுபவத்துக்கும் அந்தப் பணத்தில் பங்கு இருக்கவேண்டும். எத்தனை பேர் விமானம் ஏறினார்கள் என்பதோடு எத்தனை மாதம் வேலை பார்த்தார்கள் என்பதும் எண்ணப்படவேண்டும். ஆளை அனுப்பும் சிறு பட்டறைக்கு ஈடு கிடைக்கவேண்டும். நாடுகளோடு பேசும் உடன்பாடுகளில் தொழிற்பழகுநருக்கும் இடம் கேட்கவேண்டும், இங்கேயும் அவர்களுக்கு இடம் தரவேண்டும். இவற்றின் விவரங்களைக் கல்வி அமைச்சும் மனிதவள அமைச்சும், பட்டறை நடத்துவோரையும் பயிற்சி முடித்தோரையும் உட்காரவைத்து வகுக்கலாம். விவரம் எதுவாயினும், தொழில் தெரிந்தவரின் மதிப்பை அவர் வாங்கிய அடுத்த தாளைக்கொண்டு மட்டும் அளக்கும் வழக்கம் முடிவுக்கு வரவேண்டும். அதற்கு இன்னொரு தலைமுறை காத்திருக்க முடியாது.