கூரைக்கும் சேதாரம் உண்டு

நகைக்கடையில் ஒரு சங்கிலி வாங்குகிறோம். பில்லில் செய்கூலி, சேதாரம் என்று போடுகிறார்கள். ஒன்றிரண்டு சதவீதம் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறோம். சேதாரமான அந்தத் தங்கம் எங்கே போயிற்று என்று நாம் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. ஆனால் கூரை போட வரும் மேஸ்திரி, "பத்து சதவீதம் ஓடு கூடுதலாக வாங்கிப் போடுங்கள்" என்றால் மட்டும், ஆள் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார் என்று உடனே தோன்றிவிடுகிறது.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நீலசந்திராவில் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு விட ஒரு பகுதி கட்டி, அதற்கு மங்களூர் ஓடு போட ஏற்பாடு செய்தேன். மேஸ்திரி தர்மபுரிப் பக்கத்துக்காரர். சுவர்க்கணக்கில் 20 அடிக்கு 24 அடி. முன்னும் பின்னும் ஒன்றரை அடி இறவாணம் சேர்த்தால் 20க்கு 27, அதாவது 540 சதுர அடி. கூரை சரிவாக இருப்பதால் அந்தக் கணக்கு போதாது. முப்பது டிகிரி சரிவுக்கு நூற்றுக்குப் பதினைந்தரைப் பங்கு கூட்ட வேண்டும்; 624 சதுர அடி வருகிறது. சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, 140 ஓடு என்று வைத்தால் 873 ஓடு. முகட்டு ஓடு தனிக் கணக்கு. இதுவரை எனக்கும் மேஸ்திரிக்கும் தகராறு இல்லை.

அவர் 960 கேட்டார். நான் 875 வாங்கினேன். "சார், ஓடு எண்ணின கணக்குக்கு வராது" என்றார். "எண்ணித்தானே விற்கிறான்?" என்றேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை.

லாரியில் வந்ததில் அடித்தட்டில் இருந்தவை சில நொறுங்கிக் கிடந்தன. மேஸ்திரி ஒவ்வோர் ஓடாக விரலால் தட்டிப் பார்த்தார். நன்றாக வெந்த ஓடு கணீரென்று ஒலிக்கும். விரிசல் உள்ளது மொத்தென்று கேட்கும். அவற்றையும், சூளையில் கோணிப்போய் ரீப்பரில் சரியாக உட்காராதவற்றையும் ஒதுக்கினார். முன்புறச் சிறு கூரையும் பெரிய கூரையும் சேரும் பள்ளத்தில் ஓட்டைச் சாய்வாக வெட்ட வேண்டியிருந்தது. வெட்டும்போது சில உடைந்தன. வெட்டி எடுத்த துண்டு வேறெங்கும் பயன்படவில்லை. கடைசியில் ஒரு மூலைக்கு ஏறக்குறைய அறுபது ஓடு குறைந்தது. அது மே மாதம். மாலையானால் இடியோடு மழை. வாங்கிய கடையில் அந்த முத்திரை ஓடு தீர்ந்துவிட்டது. அவசரத்துக்கு வேறு ஆலையின் ஓட்டை வாங்கி அந்த மூலையை மூடச் சொன்னேன்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 1865ல் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்பவர் மங்களூர் ஜெப்புவில் தொடங்கிய ஆலையிலிருந்துதான் இந்தச் சீமை ஓடு பரவியது. பெங்களூர் கண்டோன்மெண்டின் பழைய பங்களாக்களில் நாம் பார்ப்பது இவ்வகை ஓட்டைத்தான். சில ஓடுகளின் அடியில் மிஷன் பெயரோடு 1865 என்று இருக்கும். அது ஆலை தொடங்கிய ஆண்டு, ஓடு செய்த ஆண்டு அன்று. பின்னர் மங்களூரிலும், கோழிக்கோட்டை அடுத்த பெரோக்கிலும், வேறு ஊர்களிலும் எத்தனையோ ஆலைகள் எழுந்தன. உருவம் ஒன்றுபோலத் தோன்றினாலும் அச்சு வேறு. ஓர் ஓட்டின் விளிம்பு அடுத்த ஓட்டின் பள்ளத்தில் பூட்டுப் போல உட்கார வேண்டும். கால் அங்குலம் மாறினாலும் அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கிவிடும்.

எங்கள் மாடியிலும் இறங்கியது. மழை வந்தால் குடியிருந்தவர்கள் அந்த மூலையில் பாத்திரம் வைப்பார்கள். அந்த வீட்டுப் பெண் பள்ளிப் புத்தகங்களை எதிர்ச் சுவரோரம் நகர்த்தி வைத்திருந்ததை ஒருநாள் பார்த்தேன். கேட்டவர்களுக்கெல்லாம், "மேஸ்திரி சரியில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மிச்சம் பிடித்தவன் நான், நனைந்தவர்கள் அவர்கள், பழி மேஸ்திரிக்கு.

எல்லா மேஸ்திரிகளும் உத்தமர்கள் என்று நான் வாதாடவில்லை. கூடுதலாக வாங்க வைத்து மிச்சத்தை வேறு வேலைக்கு எடுத்துப் போகிறவர்களும் உண்டு. அதற்கு மருந்து சேதாரத்தை வெட்டுவதன்று, எழுதி வைப்பது. எஸ்டிமேட்டில் கூரைக்கு இத்தனை, சேதாரத்துக்கு இத்தனை, இருப்புக்கு இத்தனை என்று மூன்று வரி தனித்தனியாக இருக்கட்டும். இருபுறம் மட்டும் சரியும் சாதாரணக் கூரைக்கு ஐந்து சதவீதம் போதும். பள்ளமும் மூலையும் உள்ள கூரைக்குப் பத்து. நான்கு பக்கமும் சரிந்து பல வெட்டு விழும் கூரைக்குப் பதினைந்து வரை ஆகலாம். இறக்கும்போது இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். உடையாத மிச்சம் வீட்டுக்காரருக்கே என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

மிச்சமும் வீண் அன்று. நம் நீலசந்திராவில் பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பினால் செங்கல் துண்டு நம் கூரையில்தான் விழுகிறது. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஓடு உடையும் நாளில் அதே முத்திரை கையிருப்பில் இருந்தால் அரைமணி வேலை. ஓட்டு ஆலைகள் பல மூடப்பட்டுவிட்ட இக்காலத்தில், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

"எங்கள் வீடு கான்கிரீட், எங்களுக்கென்ன?" என்று கேட்கும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். தரையிலும் குளியலறைச் சுவரிலும் ஒட்டும் டைல்ஸ் ஒரே பெயரில் வந்தாலும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி நிறம் சற்று மாறும். நாலு குறைந்தால் அந்த இடம் ஒட்டுப்போட்டதாகவே தெரியும்.

நகைக்கடைச் சேதாரம் நம் கண்ணில் படுவதில்லை, ஆனாலும் கொடுக்கிறோம். மேஸ்திரி கேட்கும் சேதாரமோ நம் கொல்லையிலேயே அடுக்கி இருக்கப் போகிறது. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து கூரை மேல் நின்று உழைக்கும் மனிதர் சொல்லும் கணக்கை, வெட்டுவதற்கு முன் ஒருமுறை காரணம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. பின்னர் ஆள்விட்டு அவரையே வரவழைத்து, அந்த மூலையைப் பிரித்துப் போட்டேன். இந்தத் தடவை எத்தனை ஓடு என்பதை அவர்தான் சொன்னார்.