முதலில் காணி, பிறகு கணக்கு

அண்மையில் எங்கள் பக்கத்தில் ஒரு கவிதை நூல் வெளியீடு. உரைகள் முடிந்து, வட்டிலாப்பமும் தேநீரும் கைமாறிக்கொண்டிருந்த வேளையில் பேச்சு டித்வா புயலின் பக்கம் திரும்பியது. 2025 நவம்பர் இறுதியில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்தப் புயலையும் மண்சரிவுகளையும் பற்றி ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், படித்தவர், பெயர் வேண்டாம், இப்படிக் கேட்டார்:

"காக்கா, கடல் அடிச்ச இடத்திலயும் மலை சரிஞ்ச இடத்திலயும் திரும்பத் திரும்ப அரசாங்கம் காசைக் கொட்ட வேணுமா? அது நம்மட வரிக்காசுதானே? ஆபத்தான இடமென்று தெரிஞ்சும் போய்க் குந்தினவனுக்கு நாம ஏன் கட்டிக் கொடுக்கணும்?"

சுற்றி நின்ற சிலர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் என்னை இதை எழுத வைத்தது. கேள்வி நியாயமானதுபோலத்தான் தோன்றுகிறது. அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய வெள்ளக் காப்புறுதித் திட்டம் அடிக்கடி மூழ்கும் ஒரே வீட்டுக்கு மீண்டும் மீண்டும் பணம் கொடுத்துக் கடனில் மூழ்கிய கதையையும் நண்பர் எடுத்துச் சொன்னார். அதையும் மறுக்கவில்லை. நான் மறுப்பது ஒன்றைத்தான்: 'போய்க் குந்தினவன்' என்ற அந்தச் சொல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பொய்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை நம்மைப்போன்று அம்பாறைக் கரையில் பிறந்தவர்களே மறந்துவிட்டால், வேறு யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். இலங்கையில் முப்பத்தையாயிரத்துக்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். மாவட்டங்களில் மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறைக்கு. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர்களின் கடற்பக்கத் தெருக்கள் முழுசாகப் போயின. ஜனாஸாக்களைக் குளிப்பாட்டி, கபனிட்டு, ஒவ்வொன்றாக அடக்க இயலாமல் போன அந்த இரண்டு நாட்களைப் பற்றி இனி நான் எழுதத் தேவையில்லை. நாமெல்லோரும் எழுதிவிட்டோம்.

எழுதாமல் விட்டது, அதன் பிறகு வந்த மீட்டர்க் கணக்கை.

அரசாங்கம் கரையோரத்தில் ஒரு கோடு போட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். கோட்டுக்கு வெளியே வீடு இழந்தவருக்கு, முழுச் சேதமென்றால் இரண்டரை இலட்சம் ரூபா, பகுதிச் சேதமென்றால் ஒரு இலட்சம் ரூபா, தன் வளவிலேயே கட்டிக்கொள்ளலாம். கோட்டுக்கு உள்ளே இருந்தவருக்குத் தன் காணியில் ஒரு கல் வைக்கவும் காசில்லை. வேறிடத்தில் கொடையாளிகள் கட்டித் தரும் வீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். அதாவது, நண்பர் இன்று கேட்கும் கேள்வியை அரசாங்கம் இருபது வருடங்களுக்கு முன்னரே கேட்டு, 'இல்லை, அந்த இடத்தில் கட்டக் காசு தர முடியாது' என்று பதிலும் சொல்லிவிட்டது. அந்தப் பதில் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்ப்போம்.

சாய்ந்தமருதுவிலிருந்து 200 மீட்டரை வெட்டி எடுத்தால் மிச்சம் என்ன? கிழக்கே கடல். மேற்கே வயலும் தோணாவும். நடுவே ஒரு நாடா அளவு நிலம். அதிலே வேலிக்கு வேலி ஒட்டிய வளவுகள். பேர்ச் கணக்கில் காணி விலை கொழும்புக்குச் சவால் விடும். 'உள்ளே போங்கள்' என்று சொல்வது இலகு. உள்ளே எங்கே? வயலை நிரப்ப வேண்டும், அல்லது வேறோர் ஊரவரின் எல்லைக்குள் போக வேண்டும். முதலாவது வெள்ளத்தைக் கொண்டுவரும், இரண்டாவது இன முறுகலைக் கொண்டுவரும். இரண்டும் வந்தன.

நுரைச்சோலையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சவூதி அரேபியாவின் நிதியில், அக்கரைப்பற்றுப் பக்கத்தில், சுனாமியால் வீடிழந்தவர்களுக்கென 500 வீடுகள். பள்ளிவாசல், பாடசாலை என்று ஒரு முழு ஊர். வழக்குப் போடப்பட்டது. இவ்வீடுகள் ஓரினத்தவருக்கு மட்டும் வழங்கப்படலாகாது என்ற வகையில் 2009இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்து பத்து வருடங்கள் கடந்த பிறகும் அந்த வீடுகளில் அடுப்பெரியவில்லை. கதவும் ஜன்னலும் உக்கின, முற்றத்தில் காடு வளர்ந்தது. அரசாங்கத்தின் சதம் அல்ல, வெளிநாட்டுக் காசு. வீடும் தயார், வீடற்றவரும் தயார். ஆனால், குடியேற்றும் அரசியல் துணிவு தயாராகவில்லை. 'காசு வீணாகிறது' என்று கவலைப்படும் நண்பரே, காசு வீணாவது கடற்கரையில் மட்டுமா?

அதே காலத்தில் அம்பாந்தோட்டையில் தேவைக்கு மேல் வீடுகள் கட்டப்பட்டன. அம்பாறையிலோ பற்றாக்குறை. ஒரே கடல், ஒரே அலை, ஒரே நாள். வேறாக இருந்தது வாக்குப் பலம் மட்டும்தான்.

அடுத்து ஹோட்டல்கள். கோட்டுக்குள்ளே மீனவனின் குடிசைக்கு இடமில்லை, உல்லாச விடுதிக்கு விதிவிலக்கு உண்டு. 2005இல் பொத்துவில் அறுகம்குடாவுக்கு உல்லாசப் பயணத்துறையை மையப்படுத்தி ஓர் அபிவிருத்தித் திட்டம் வரையப்பட்டபோது, தோணி வைத்திருந்தவர்கள் வீதியில் இறங்கியது சும்மா அல்ல. கடல் ஆளைப் பார்த்தா வருகிறது? தோணிக்காரனுக்கு ஆபத்தான கரை, நீச்சலுடைக்காரனுக்கு எப்படி ஆபத்தற்றதாகும்? கடைசியில், கூச்சலும் தட்டுப்பாடும் சேர்ந்து, அந்தக் கோட்டை அரசாங்கமே ஒரு வருடத்துக்குள் தளர்த்தியது. மருதமுனையின் '65 மீட்டர்' வீட்டுத்திட்டத்தின் பெயரே அந்தக் கோடு நகர்ந்த கதைக்குச் சாட்சி. உயிர்காக்க என்று சொல்லி இருநூறு மீட்டரில் போட்ட கோடு, அறுபத்தைந்துக்கு வந்தபோது கடல் என்ன, பின்வாங்கியா போயிருந்தது?

ஆபத்தான இடத்தில் அரசாங்கக் காசு கூடாது என்பது உண்மையிலேயே ஒரு கொள்கையென்றால் அதைத் தலைநகரிலிருந்து தொடங்குவோம். பாராளுமன்றம் தியவன்னாவின் சதுப்பு நிலத்திலே கட்டப்பட்டது. 2010 நவம்பர் மழையில் அது வெள்ளத்தில் அகப்பட்டு, உறுப்பினர்கள் இராணுவ வாகனங்களில் போக வேண்டியிருந்தது. அப்போது, 'ஆபத்தென்று தெரிந்தும் ஏன் அங்கே போய்க் குந்தினீர்கள்?' என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. 2012இல் உலக வங்கியிடம் 21 கோடி டொலருக்கும் மேல் கடன் வாங்கி, கொழும்புப் பெருநகரின் வெள்ளத்தைத் தடுக்க வடிகால் திருத்தினார்கள். நல்ல காரியம்தான். நான் குறை சொல்லவில்லை. கொழும்புக்கு அது முதலீடு, கல்முனைக்கு அது தர்மம் என்ற கணக்கைத்தான் கேட்கிறேன்.

மலைநாட்டுக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்டும் ஏன் போகவில்லை என்று அன்றும் கேட்டார்கள். எங்கே போவது? தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த அந்த மக்களின் பெயரில் ஒரு பேர்ச் காணி இல்லை. லயன் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். அவர்கள் அங்கே போய்க் குந்தவில்லை, குந்த வைக்கப்பட்டார்கள். கடற்கரையில் நம்மவனும் அப்படியே. விலை குறைந்த காணி அலைக்குப் பக்கத்திலும் சரிவுக்குக் கீழேயும்தான் கிடைக்கும். ஏழையின் விலாசத்தை ஏழை தெரிவு செய்வதில்லை.

இனி, நண்பரின் கட்சியில் உள்ள உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் உயர் அபாயமென்று குறித்த சரிவில் திரும்பவும் வீடு கட்டக் காசு கொடுப்பது உதவி அல்ல, கொலைக்கு உடந்தை. மண் சரியும்போது ஓட நேரமில்லை. அங்கே ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. ஆனால், கடற்கரை வேறு. 2004இல் சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் அலை எங்கள் கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் எங்களுக்குச் சொல்ல யாருமில்லை. 2012 ஏப்ரல் 11இல் அதே பக்கம் மீண்டும் பெரிதாய் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, சனங்கள் உள்ளே ஓடினார்கள். அன்று பெரிய அலை வரவில்லை. வந்திருந்தாலும் 2004 திரும்பியிராது. ஆகவே சரிவுக்கு ஒரு நியாயம், கரைக்கு ஒரு நியாயம். இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது சிந்தனையல்ல, சோம்பல்.

நம் பக்கத்துப் பிழைகளையும் மூடி மறைக்கலாகாது. வயலை நிரப்பியவர்கள் நாம். தோணாவை ஒடுக்கியவர்கள் நாம். கிடைத்த புது வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் கரையில் பழையபடி குடிசை போட்டவர்களும் நம்மிலிருந்தார்கள். இரண்டு அறை வீட்டுக்கு நான்கு பெயர்ப்பலகை மாட்டிய நமது அரசியல்வாதிகளைப் பற்றி எழுதினால் இந்தச் சஞ்சிகையின் பக்கங்கள் போதா.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்தும் ஒன்று உண்டு. கிழக்கில் வீடு பெண்ணுக்கு உரியது. உம்மாவின் வளவில் மகளுக்கு வீடு கட்டி, உறுதி எழுதி, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். என் ராத்தாவுக்கும் அப்படித்தான். உம்மா அவித்து விற்ற இடியப்பத்திலும் வாப்பாவின் கரைவலைப் பங்கிலும் எழும்பிய வீடு. அலையோடு போனது. புதிய வீடு கிடைத்தபோது படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் மச்சானின் பெயரை எழுதச் சொன்னார்கள். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், எல்லா இடத்திலும் அதே படிவம்தான். ராத்தா கேட்டா: "வீடு எண்ட, இவர் வந்த மாப்பிள்ளை. கடல் வந்து தலைவரை மாத்திட்டா?" பதில் சொல்ல ஒருவருமில்லை. மச்சான் நல்ல மனிதர். எல்லா மச்சான்மாரும் நல்லவர்கள் அல்லர். அந்த ஒரு கட்டத்தினால், நூற்றாண்டுகளாகப் பெண்களிடமிருந்த சொத்து எத்தனை வீடுகளில் கைமாறியதென்று நாம் கணக்கெடுக்கவுமில்லை, கதையாக்கவுமில்லை.

ஆகவே, அரசாங்கம் பணம் கொடுக்க வேண்டுமா என்பதல்ல கேள்வி. கொடுத்தே ஆக வேண்டும். எதற்கு, எந்த ஒழுங்கில் என்பதே கேள்வி. முதலில் காணி, உறுதியோடு, யாருடைய வீடு போனதோ அவருடைய பெயரில். காணி தரும் மட்டும் பழைய இடத்தில் கட்டாதே என்று சொல்லும் உரிமை எந்த அரசாங்கத்துக்கும் இல்லை. இரண்டாவது, கோடு போட்டால் குடிசைக்கும் விடுதிக்கும் ஒரே கோடு. மூன்றாவது, குடியிருப்பை உள்ளே நகர்த்தினாலும் தோணிக்கும் வலைக்கும் வாடிக்கும் கரையில் இடம். தொழிலை விட்டு இரண்டு மைல் தள்ளி வைத்த வீட்டை மீனவன் பூட்டிவிட்டுத்தான் போவான். நான்காவது, கரையிலேயே இருப்பவருக்கு உறுதியான வீடும், உள்ளே ஓட அகலமான பாதையும், வேலை செய்யும் எச்சரிக்கைக் கோபுரமும். இதற்கெல்லாம் செலவாகும். செய்யாமல் விட்டால் ஆகும் செலவை நாம் 2004இலும் 2014இலும் 2025இலும் மையவாடிகளில் செலுத்தியிருக்கிறோம்.

சக எழுத்தாளர்களுக்கு ஒரு வார்த்தை. சுனாமியைப் பற்றி நாம் எழுதிய கவிதைகள் ஏராளம். கடலை வைதோம், கடலைக் கெஞ்சினோம், கடலுக்குக் கடிதம் எழுதினோம். கடல் தபால் வாசிப்பதில்லை. ஆனால், மீட்டர்க் கோட்டை வரைந்த பேனாவும், படிவத்தில் அந்தக் கட்டத்தைப் போட்ட கையும் மனிதருடையவை. அவர்கள் வாசிப்பார்கள். இனியாவது அவர்களுக்கு எழுதுவோம்.

நண்பரே, ராத்தாவின் பழைய வளவுக்கு ஒருமுறை வாருங்கள். அத்திவாரம் இன்னும் மணலுக்குள் கிடக்கிறது. அதில் நின்றுகொண்டு, 'ஏன் இங்கே வந்து குந்தினாய்?' என்று அவவிடமே கேளுங்கள். உறுதிக் கடதாசியைப் பொலித்தீன் உறைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறா. எடுத்துக் காட்டுவா.