அனாமத்துக் கணக்கு

பி.காம். படித்தவனை வருமான வரி ரிட்டர்னுக்குத் தேடுவார்கள். கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுத உட்கார வைப்பார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு யாரும் கூப்பிட்டதில்லை. 2024 பொங்கல் கழிந்து மாமா கூப்பிட்டார்.

"ஏல, ஞாயித்துக்கிழமை சும்மாதான கெடப்ப? வா. கண்ணாடியத் தொடச்சுட்டு வா."

மாமா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். வீடு சிந்துபூந்துறையில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி கரையை மீறி ஜங்ஷன் வரை விசாரிக்க வந்துவிட்டது. குறுக்குத்துறை முருகனாவது வெள்ளம் வந்தால் மேலக்கோயிலுக்குக் குடிபெயர்ந்து விடுவார். மாமாவுக்கு மேலக்கோயிலும் கிடையாது, மாடியும் கிடையாது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மெத்தை, மிக்ஸி, டி.வி., அத்தையின் தையல் மெஷின் எல்லாம் சேற்றில்.

இதில் மாமா துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டது ஒரே ஒரு சாமானை. பழைய டைப்ரைட்டர் மாதிரி ஒரு பெட்டி, மேல் வரிசையில் சிவப்பாகப் பத்து பட்டன்கள். பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்.

பிரிட்டனில் 1981 டிசம்பரில் வந்த மெஷின். நம்மூரில் 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தது. மொத்த மெமரியே 32 கே.பி.தான். காலையில் உங்கள் வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் ரோஜாப்பூவைக் கூட அதில் முழுசாக வைக்க முடியாது, சார். ஆனால் மாமா அதை வைத்துக்கொண்டு எத்தனையோ பையன்களுக்கு பேசிக் சொல்லிக் கொடுத்து பெங்களூர், அமெரிக்கா என்று ஏற்றுமதி செய்திருக்கிறார். பள்ளியில் பழையது என்று ஏலம் போட்டபோது ஒன்றை எடுத்து வந்துவிட்டார்.

ஏற்றுமதியானவர்களில் அவருடைய சொந்த மகனும் உண்டு. வெள்ளம் வடிந்ததும் அத்தான் பெங்களூரிலிருந்து வந்தார். "அப்பா, வீட்ட வித்துட்டு எங்ககூட வந்துருங்க. அந்தப் பெட்டியத் தூக்கிப் போடுங்க, லேப்டாப் வாங்கித் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா பதில் சொல்லவில்லை.

"கடையில காட்டுனியளா மாமா?"

"காட்டுனேன். மூடியத் தொறக்காமலே சொல்லுதான், போர்டு போச்சு சார்னு. எங்க போச்சுன்னு கேட்டேன். மொத்தமாப் போச்சுங்கான். மொத்தமாப் போறதுன்னு ஒண்ணு கெடையாதுல. எங்கனயாவது ஒரு எடத்துலதான் போயிருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆபீசில் நானும் அதைச் செய்தவன்தான். ட்ரயல் பேலன்ஸ் 90 ரூபாய் இடிக்கிறது. மணி ஏழு. கடைசி பஸ் போய்விடும். என்ன செய்வோம்? 'அனாமத்துக் கணக்கு' என்று ஒரு தலைப்பைப் போட்டு 90 ரூபாயை அதில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவோம். தப்பு சரியாகவில்லை, சார். தப்புக்கு ஒரு பெயர் வைத்தோம், அவ்வளவுதான். பொறுமைசாலி என்ன செய்வான்? 90, ஒன்பதால் வகுபடுகிறதே, யாரோ எண்ணை இடம் மாற்றி எழுதியிருப்பார்களோ என்று சந்தேகப்பட்டு வவுச்சரைப் புரட்டுவான்.

மாமா பொறுமைசாலி. ஈரத்தோடு பிளக்கில் செருகாததே அவர் செய்த முதல் வைத்தியம். போர்டைக் கழற்றி, சேறு போக நல்ல தண்ணீரில் கழுவி, அப்புறம் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், அப்புறம் ஐசோ புரொபைல் ஆல்கஹால். நிழலில் பல நாள் காய்ச்சல். வடகம் கூட அந்த மரியாதையைப் பார்த்ததில்லை. ஆனால் கண்ணில் புரை, கையில் நடுக்கம். அதனால்தான் நான். மூளை அவருடையது, கண்ணும் கையும் என்னுடையது.

முதலில் பவர் சப்ளை. உள்ளே ஒரு பேப்பர் கண்டென்சர் பாளம் பாளமாகக் கீறியிருந்தது. இந்த ஜாதிக் கண்டென்சருக்கு வெள்ளம் வர வேண்டும் என்பதில்லை. வயதானால் தானாகக் கீறல் விட்டு, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து, ஒருநாள் புகை கக்கும். அதை மாற்றி, போர்டில் இணைக்காமல், ஒரு கார் பல்பைச் சுமையாகக் கொடுத்து அளந்தோம். 5 வோல்ட். உற்சாகத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே விரலை நீட்டினேன்.

"கைய எடுல!" மாமா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிட்டது. "பிளக்கப் பிடுங்குனாலும் பெரிய கண்டென்சர்ல 300 வோல்ட்டுக்கு மேல தங்கியிருக்கும். ஒங்க அம்மைக்கு நான் பதில் சொல்லணும்."

அப்புறம் போர்டோடு இணைத்தோம். 'ஊஊஊ' என்று நிற்காத ஒரே சத்தம். நான் பயந்தேன், மாமா சிரித்தார். நல்ல மெஷின் என்றால் 'பூ... பீப்' என்று இரண்டு ஸ்வரத்தில் நின்றுவிடும். ஒரே ஸ்வரம் நீண்டால், கரண்டு வருகிறது, சத்தம் போடும் சிப்புக்கு உயிர் இருக்கிறது, 'போதும், நிறுத்து' என்று சொல்ல வேண்டிய மேலதிகாரி இன்னும் எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம். அதாவது, ஒன்பதால் வகுபடுகிறது!

சாக்கெட்டிலிருந்த சிப்களை நெம்பி எடுத்தோம். கால்களெல்லாம் கறுத்திருந்தன. இங்க் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினோம். மறுபடியும் 'ஊஊஊ'. பிறகு சப்ளையை நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, பிராசஸர் காலிலிருந்து ரோம் கால் வரை ஒவ்வொரு பாதையாகத் தொட்டுப் பார்த்தோம். அட்ரஸ் லைன்கள் எல்லாம் பீப். டேட்டா லைன்கள் எட்டில் ஏழு பீப். ஒன்று மௌனம்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஒரு துளையை ஒட்டிக் களிம்பு ஏறி, முடி கனத்துக்கு ஒரு வெட்டு. இடுப்பளவு வெள்ளம் செய்த வேலை அவ்வளவுதான்! ஒயரிலிருந்து ஒற்றைக் கம்பி இழையை உருவி, இரண்டு முனையையும் பற்றவைத்தேன்.

பூ... பீப்.

பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய டி.வி.யில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று எழுத்து வந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஒன் செல்போன்ல ஓடுற சிப்பு இருக்குல்லா, ஏஆர்எம்? இந்த மெஷினப் பண்ணுன ஏகார்ன் கம்பெனியிலதான் பொறந்துச்சு. 1985ல. சோபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர்னு ரெண்டு பேரு. அதுக்கு மாதிரி எழுதிப் பாத்ததே இதுல ஓடுற பேசிக்லதான். பேரன் ஒசந்துட்டாம்னு தாத்தாவத் தூக்கிப் போட்டுருவியளா?"

கேள்வி எனக்கில்லை என்று புரிந்தது. பெங்களூருக்கு வீடியோ கால் போட்டேன். மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டேன். அத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "சுவத்துல ஓதம் எதுவரைக்கும் ஏறியிருக்குப்பா?" என்றார்.

"வா. வந்து ஒரு எடம் ஒரு எடமாத் தட்டிப் பாரு" என்றார் மாமா.

வீடு விற்கும் பேச்சு இப்போதைக்கு அனாமத்துக் கணக்கில் இருக்கிறது. என் ஞாயிற்றுக்கிழமைகள்தான் போய்விட்டன. தெருவில் வெள்ளத்தில் நனைந்த மிக்ஸி எத்தனை என்று மாமா ஒரு லிஸ்ட் எடுத்து வைத்திருக்கிறார்.